வீட்டில் பிள்ளை பார்க்கும் தொழில்: கையில் எவ்வளவு மிஞ்சும்?

கேள்வி: லண்டன் ஹரோவில் மாதம் 1,800 பவுண்ட் வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவருக்கு முழுநேர வேலை. நான் சூப்பர்மார்க்கெட்டில் வாரம் 25 மணி நேரம், மணிக்கு 13 பவுண்ட். மகனுக்கு 6 வயது, மகளுக்கு 2 வயது. வேலையை விட்டுவிட்டு, ஆஃப்ஸ்டெட்டில் (பள்ளிகளையும் பிள்ளைப் பராமரிப்பையும் மேற்பார்க்கும் அரசு அமைப்பு) பதிந்து சைல்ட்மைண்டராக வீட்டிலேயே பிள்ளை பார்க்க யோசிக்கிறேன். இங்கே மணிக்கு 7 பவுண்ட் வாங்குகிறார்கள். நாலு சின்னப் பிள்ளைகள் கிடைத்தால் மாதம் 4,500க்கு மேல் வருமாம். தங்கையின் 15 மாதக் குழந்தையையும் பார்த்து, அதற்கு அரசாங்கம் வாரம் 30 மணி நேர இலவசப் பராமரிப்புக்குத் தரும் காசை எடுக்கலாம் என்பதும் எண்ணம். கணக்கு சரிதானா?

பதில்: தொழில் நல்லதுதான். கணக்குத்தான் இடிக்கிறது. நாலு சின்னப் பிள்ளைகள் உங்களுக்குக் கிடைக்க மாட்டார்கள், ஏனென்றால் அத்தனை இடம் உங்களிடம் இல்லை.

இங்கிலாந்து விதிப்படி, தனியாக வேலை செய்யும் ஒருவர் ஒரே நேரத்தில் 8 வயதுக்குக் கீழ்ப்பட்ட 6 பேரைத்தான் பார்க்கலாம். அதில் 5 வயதுக்குட்பட்டவர்கள் 3 பேர், ஒரு வயது நிரம்பாதவர் ஒருவர். இந்த ஆறில் உங்கள் சொந்தப் பிள்ளைகளும் அடக்கம். பலரும் தவறவிடுவது இதைத்தான். மகள் சின்னவர்களுக்கான மூன்றில் ஒரு இடத்தைப் பிடித்துவிட்டாள். தங்கையின் குழந்தை இன்னொன்று. மிச்சம் ஒன்றே ஒன்று. பள்ளி முடிந்து வரும் பெரிய பிள்ளைகளுக்கு இரண்டு இடம் இருக்கும், மூன்றாவது உங்கள் மகனுடையது. சில விதிவிலக்குகள் உண்டு. ஆனால் அவற்றை நம்பித் தொழில் தொடங்க வேண்டாம்.

30 மணி நேரக் காசும் வராது. 2025 செப்டம்பரிலிருந்து வேலை செய்யும் பெற்றோரின் 9 மாதம் கடந்த பிள்ளைகளுக்கு, வருடத்தில் 38 வாரம் இந்தச் சலுகை கிடைக்கிறது. ஆனால் இன்றைய விதியில் சித்தி, பெரியம்மா, பாட்டி ஆகியோர் பார்க்கும் பராமரிப்புக்கு அந்தப் பணம் இல்லை; சொந்த மகளுக்கும் இல்லை. தங்கை அந்தச் சலுகையை வேறு இடத்தில்தான் எடுக்க முடியும். இதை அவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். பிறகு சொன்னால் குடும்பத்துக்குள் மனக்கசப்பு.

இனி எண்களுக்கு வருவோம். தங்கையின் குழந்தையைக் காசில்லாமல் பார்க்கிறீர்கள் என்று வையுங்கள். வெளிக் குழந்தை ஒன்று வாரம் 40 மணி நேரம்: 280 பவுண்ட். விடுமுறை, வெற்றிடம் கழித்து வருடத்துக்கு 46 வாரம் பிடித்தால் 12,880. பள்ளிப் பிள்ளைகள் இருவர் நாளுக்கு 3 மணி நேரம்: வாரம் 210, பள்ளி நாட்களின் 38 வாரத்துக்கு 7,980. மொத்தம் 20,860. தங்கையின் குழந்தையின் இடத்தில் கட்டணம் கட்டும் பிள்ளை இருந்தால் 33,740. ஒரு இடத்தின் விலை 12,880 பவுண்ட். தங்கைக்குச் செய்யும் உதவி எவ்வளவு பெரியது என்று தெரிந்து செய்யுங்கள்.

வரியில் இந்தத் தொழிலுக்கு நல்ல சலுகை இருக்கிறது. எச்எம்ஆர்சி (பிரிட்டன் வரித் துறை) ஏற்கும் கணக்குப்படி, தளபாடத் தேய்மானத்துக்காக வருமானத்தில் 10% கழிக்கலாம், ரசீது தேவையில்லை. வாரம் 40 மணி நேரம் வேலை செய்தால் எரிவாயு, மின்சாரத்தில் 33%, வாடகையிலும் கவுன்சில் வரியிலும் 10% கழியும். 20 மணி நேரத்துக்கு இவை முறையே 17%, 5%. சாப்பாடு, காப்புறுதி, பதிவுக் கட்டணம் எல்லாம் தனி. உங்கள் 20,860இல் இவற்றைக் கழித்தால், ஏறக்குறைய 14,000 லாபம் என்று காட்டுவீர்கள். வரியும் தேசியக் காப்புறுதியும் சேர்த்து 400 பவுண்டுக்குள் முடியும். உண்மையில் கைவிட்டுப் போகும் செலவு 3,000 அளவில் இருந்தால் மிஞ்சுவது 17,500. இந்தத் தேய்மானக் கழிவு எச்எம்ஆர்சி தரும் சலுகை, மாறக்கூடியது. ஒவ்வொரு வருடமும் நடைமுறையில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே போடுங்கள். மொத்த வரவு 30,000ஐத் தாண்டினால் 2027 ஏப்ரலிலிருந்து காலாண்டுக் கணக்கை மென்பொருள் மூலம் அனுப்ப வேண்டிவரும்.

இப்போதைய வேலையில் வரி, பென்ஷன் போக ஏறக்குறைய 15,000 வருகிறது. வித்தியாசம் 2,500 மட்டும், அதுவும் இடங்கள் நிரம்பிய வருடத்தில். முதலாளி போடும் பென்ஷன், சுகவீனச் சம்பளம், சம்பளத்தோடு லீவு மூன்றும் போய்விடும். நீங்கள் காய்ச்சலில் படுத்தால் அன்று வருமானமே இல்லை.

கணக்கை மாற்றும் வழி ஒன்று இருக்கிறது. எண்ணிக்கை "ஒரே நேரத்தில்" என்றுதான் பார்க்கப்படுகிறது. மகளின் 30 மணி நேரத்தை வெளி நர்சரியில் எடுத்தால், அந்த நேரம் அவள் இடம் காலியாகும், அங்கே கட்டணம் கட்டும் பிள்ளையைச் சேர்க்கலாம். சுயதொழில் தொடங்கிய முதல் 12 மாதம் இந்தச் சலுகைக்கான குறைந்தபட்ச வருமான வரம்பு உங்களுக்குப் பொருந்தாது, சலுகை தடைப்படாது. மகளுக்கு 4 வயது நிரம்பி அடுத்து வரும் செப்டம்பரிலிருந்து, பள்ளிக்கு முன்பின் மட்டும் வீட்டில் இருந்தால் அவளைப் பெரிய பிள்ளையாக எண்ணலாம்.

பதிவுக்கு மூன்று மாதம் ஒதுக்குங்கள். ஆஃப்ஸ்டெட்டின் ஆரம்பப் பருவப் பதிவேட்டுக்கு வருடம் 35 பவுண்ட். 12 மணி நேரக் குழந்தை முதலுதவிப் பயிற்சி (மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்), குழந்தைப் பாதுகாப்புப் பயிற்சி, உடல்நல அறிக்கை, பொதுப் பொறுப்புக் காப்புறுதி ஆகியவை வேண்டும். வீட்டில் 16 வயது நிரம்பிய எல்லோருக்கும் உயர்நிலை டிபிஎஸ் சோதனை (குற்றப் பின்னணிச் சோதனை). கேட், புகை எச்சரிக்கை, உயர நாற்காலி எல்லாம் சேர்த்துத் தொடக்கச் செலவு 700 முதல் 1,000 பவுண்ட் என்று பிடியுங்கள். இதைப் பிறகு வரவிலிருந்து கழிக்கலாம், ரசீதை எறியாதீர்கள்.

நடுவில் சிக்குவது பெரும்பாலும் வேறு விஷயங்களில். வீட்டுக்காரரின் எழுத்துச் சம்மதத்தை முதலில் வாங்குங்கள். ஆறு மாதம் தங்க மாமியார் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தால் அவரும் வீட்டில் வசிப்பவர்தான், 14 நாளுக்குள் ஆஃப்ஸ்டெட்டுக்கு அறிவித்து அவருக்கும் சோதனை செய்ய வேண்டும். பிள்ளைகளைக் காரில் ஏற்றினால் கார்க் காப்புறுதியில் தொழில் உபயோகம் சேர்க்க வேண்டும். பதிவுக்கு முன் ஆஃப்ஸ்டெட் ஆய்வாளர் வீட்டைச் சுற்றிப் பார்ப்பார்: தரையில் எரியும் குத்துவிளக்கு, கைக்கு எட்டும் மருந்து டப்பா, ஜன்னல் திரைக் கயிறு எல்லாம் அவர் கண்ணில் படும். ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு முழுக் கடலை, கஜு கொடுக்கக் கூடாது, திராட்சையை நீளவாக்கில் வெட்டித்தான் கொடுக்க வேண்டும். மிக்சர் டப்பாவை மேல் தட்டில் வையுங்கள்.

சான்றிதழ் கைக்கு வருமுன் யாருடைய பிள்ளையையும் காசுக்கு எடுக்காதீர்கள். 8 வயதுக்குட்பட்ட பிள்ளையை நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் பதிவில்லாமல் உங்கள் வீட்டில் கட்டணத்துக்குப் பார்ப்பது சட்டவிரோதம்.

பெற்றோரோடு ஒப்பந்தம் எழுதும்போது நாலு வார அறிவிப்பு, பிள்ளை வராத நாளுக்கும் கட்டணம், தாமதமாக அழைத்துப் போனால் கூடுதல் கட்டணம் மூன்றையும் எழுத்தில் போடுங்கள். நம் ஆட்களிடம் காசு கேட்கக் கூச்சம் வரும், ஒப்பந்தத் தாள் அந்தக் கூச்சத்தை மிச்சப்படுத்தும். வரியில்லாப் பராமரிப்புக் கணக்கில் நீங்களும் பதிந்துகொள்ளுங்கள். பெற்றோர் 8 பவுண்ட் போட்டால் அரசு 2 போடும், ஒரு பிள்ளைக்கு வருடம் 2,000 வரை. அந்த வசதி இல்லாத சைல்ட்மைண்டரைப் பெற்றோர் தேடி வர மாட்டார்கள்.

சூப்பர்மார்க்கெட் வேலையை இப்போது விடாதீர்கள். பதிவு கைக்கு வந்து, முழுநேரக் குழந்தை ஒன்றுக்கு ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு ராஜினாமாக் கடிதம் கொடுங்கள். மூன்று மாத வாடகை, அதாவது 5,400 பவுண்ட், வங்கியில் இல்லாவிட்டால் அதற்கும் சற்றுப் பொறுங்கள்.