கோட்டையை மட்டும் பாத்துட்டு பஸ் ஏறிடாதீங்க

கடிதம்:

வணக்கம் சார். என் பையன் உக்ரைன்ல செர்னிவ்ட்சிங்கற ஊர்ல டாக்டருக்கு படிச்சிட்டு இருந்தான். 2022ல போர் ஆரம்பிச்சதும் ருமேனியா பார்டர் வழியா வந்து சேர்ந்தான். இப்பவும் அந்த ஊர் பேச்சுதான் வீட்ல. லீவு நாள்ல ஃப்ரெண்ட்ஸோட காமியனெட்ஸ்-பொதில்ஸ்கி கோட்டைக்கு போன போட்டோவ அடிக்கடி எடுத்து காட்டுவான். போர் முடிஞ்சதும் என்னையும் கூட்டிட்டு போறேங்கறான். நீங்க அந்த கோட்டை ஊர் பத்தி ஒரு தடவ எழுதியிருந்தீங்க. எனக்கு முட்டி வலி உண்டு, சுத்த சைவம், முட்டை மட்டும் சாப்பிடுவேன். ஒரு நாள் போதுமா, என்ன பாக்கறது, என்ன சாப்பிடறது? போர் நடக்கற நாட்ட பத்தி இப்படி டூர் கேள்வி கேக்கறது தப்பான்னும் தெரியல.

(பேர் போட வேண்டாம்னு சொல்லியிருக்காங்க)

பதில்:

வணக்கம்மா,

கடைசி கேள்விக்கு மொதல்ல பதில் சொல்லிடறேன். தப்பே இல்ல. ஒரு ஊர் போர் செய்தியா மட்டும் நம்ம மனசுல தங்கிடறதுதான் எனக்கு கஷ்டமா இருக்கு. அங்க ஜனங்க இருக்காங்க, சமைக்கறாங்க, சர்ச்சுக்கு போறாங்க. ஆனா இப்ப கிளம்பிடாதீங்க, 2022 பிப்ரவரி 24லேர்ந்து அங்க பயணிகள் விமானமே கிடையாது, போர்முனை தூரத்துல இருந்தாலும் அந்த ஊர் இருக்கற மாகாணத்து மேல மிசைலும் ட்ரோனும் வருது. போர் முடிஞ்சு, நம்ம தூதரகமும் போகலாம்னு சொன்னப்பறம் போங்க. அதுக்காகத்தான் இத எழுதறேன்.

ஒரு நாள் போதாது. இத கொஞ்சம் அழுத்தியே சொல்றேன், ஏன்னா செர்னிவ்ட்சிலேர்ந்து வர்றவங்க முக்காவாசி பேர் காலைல பஸ் ஏறி, கோட்டைய பாத்து, பாலத்து மேல நின்னு போட்டோ எடுத்துட்டு, சாயங்கால பஸ்ல திரும்பிடறாங்க. உங்க பையனும் அப்படித்தான் போயிருப்பான்னு நினைக்கறேன், ஸ்டூடண்ட்ஸ் எல்லாரும் அப்படித்தான் போவாங்க. கோட்டை அழகுதான், 2007ல உக்ரைனோட ஏழு அதிசயங்கள்னு தேர்ந்தெடுத்தப்போ அதுவும் லிஸ்ட்ல வந்துச்சு. ஆனா அந்த கோட்டை ஊருக்கு வாசல்ல நிக்கற காவல் மட்டும்தாம்மா, பாக்க வேண்டியது அது எத காவல் காத்துச்சோ அந்த ஊர!

ஊரோட அமைப்ப புரிஞ்சுக்கிட்டா மத்ததெல்லாம் தானா புரியும். ஸ்மோத்ரிச்னு ஒரு சின்ன ஆறு, பாறைய அறுத்துக்கிட்டு சுமார் 40 மீட்டர் ஆழத்துக்கு பள்ளத்தாக்கு போட்டு, பழைய ஊர கிட்டத்தட்ட முழுசா சுத்தி வளைச்சுட்டு போகுது. ஊருக்குள்ள நுழைய இயற்கையா இருக்கறது ஒரு குறுகலான பக்கம் மட்டும்தான், அங்கதான் பாலம், பாலத்துக்கு அந்தப் பக்கம் கோட்டை. கீழ ஆத்தோரமா போலந்து வாசல், ருஸ்கா வாசல்னு ரெண்டு இருக்கு. எதிரி வந்தா அங்க தண்ணிய தேக்கி ஆத்து மட்டத்த உசத்திடுவாங்களாம், ஆறே அகழி ஆயிடும். இவ்வளவு யோசிச்சு கட்டின, அப்ப போலந்து கைல இருந்த ஊரு 1672ல துருக்கி சுல்தான் நாலாம் மெஹ்மத் பெரும்படையோட வந்தப்போ ஆகஸ்ட் மாசம் முடியறதுக்குள்ள விழுந்துடுச்சு. அதுக்கப்பறம் 1699 வரைக்கும் ஒட்டோமான் துருக்கி ஆட்சிதான்.

இப்ப நான் சொல்ற இடத்துக்கு கண்டிப்பா போங்க. பீட்டர் - பால் கத்தோலிக்க பேராலயம். துருக்கிக்காரங்க அத மசூதியா மாத்தி, பக்கத்துலயே ஒரு மினார் கட்டினாங்க. ஊர் திரும்ப போலந்து கைக்கு வந்தப்போ அந்த மினார இடிக்கல, ஒப்பந்தத்துல இடிக்கக்கூடாதுன்னு இருந்துச்சுன்னு ஊர்ல சொல்லுவாங்க. 1756ல அந்த மினார் உச்சியிலயே மாதா சிலைய கொண்டுபோய் நிறுத்திட்டாங்க. இன்னிக்கும் அப்படியே இருக்கு, கீழ மினாரு, மேல பிறை மேல நிக்கற மாதா. நான் எத்தனையோ சர்ச் பாத்திருக்கேன், இத மாதிரி ஒண்ண பாத்ததில்ல. உள்ள லாராங்கற இளம்பெண்ணோட கல்லறைச் சிற்பம் இருக்கு, வெள்ளப் பளிங்குல தூங்கற மாதிரி படுத்திருக்கும், விக்டர் ப்ராட்ஸ்கிங்கற சிற்பி செஞ்சது. அங்க கொஞ்ச நேரம் உக்காருங்க. ஆர்கன் கச்சேரி இருக்கற நாளா அமைஞ்சா இன்னும் நல்லது.

அப்பறம் போலந்து சதுக்கத்துல டவுன் ஹால், அங்கேர்ந்து அர்மீனியன் தெரு. போலந்துக்காரங்க, உக்ரைன்காரங்க, அர்மீனியர்கள் மூணு பேருக்கும் அந்த காலத்துல தனித்தனி நிர்வாகம், தனித்தனி நீதிமன்றம். அர்மீனியர்கள் வியாபாரத்துக்கு வந்தவங்க, அவங்க சர்ச் இடிஞ்சு கிடக்கு, மணிக்கூண்டு மட்டும் கம்பீரமா நிக்குது. நடக்கும்போது நடுநடுல வெறும் புல்தரையா, வீடே இல்லாத இடம் நிறைய வரும். அது பார்க் இல்லம்மா. ரெண்டாம் உலகப்போர்ல அழிஞ்ச வீடுங்க அதுல நிறைய. அதே போர்ல, 1941 ஆகஸ்ட் 26லேர்ந்து 28 வரைக்கும் மூணே நாள்ல நாஜிகள் இந்த ஊர்ல 23,600 யூதர்கள சுட்டுக் கொன்னாங்க, அதுல பெரும்பகுதி ஹங்கேரிலேர்ந்து துரத்திவிடப்பட்டு வந்தவங்க. டூர் வர்றவங்ககிட்ட இத பெரும்பாலும் யாரும் பேசறதில்ல. நீங்க தெரிஞ்சுக்கிட்டு நடக்கணும்னு எனக்கு ஆசை.

கோட்டைய ரெண்டாம் நாள் காலைல, வெயில் ஏறறதுக்கு முன்னாடி வச்சுக்கோங்க. ஆழமான கிணறும் தண்ணி இறைக்கற பெரிய மரச்சக்கரமும் இருக்கு, அத விடாதீங்க. கர்மல்யூக்னு ஒரு ஆளு, பண்ணையார்களுக்கு எதிரா கிளம்பி ஜனங்க பாட்டுல எல்லாம் வர்றவரு, அவர அடைச்சு வச்சிருந்த கோபுரமும் அங்கதான். கோபுரப் படியெல்லாம் குறுகல், செங்குத்து, முட்டி வலியோட ஏற வேண்டாம், முற்றத்துலேர்ந்தும் மதில் ஓரத்துலேர்ந்தும் பாத்தாலே நிறைவா இருக்கும். பள்ளத்தாக்குக்குள்ள படியில இறங்கறதையும் பையனோட விட்டுடுங்க, நீங்க கோட்டைக்கு கீழ இருக்கற மரத்தாலான சிலுவை சர்ச்சுக்கு டாக்ஸில போயிடலாம், அங்கேர்ந்து அண்ணாந்து பாத்தாதான் கோட்டையோட உசரம் தெரியும். தெருவெல்லாம் உருண்டக் கல்லு பதிச்சது, நல்ல ஷூ போடுங்க, செருப்பு வேண்டவே வேண்டாம்.

சாப்பாட்டுக்கு வர்றேன். ஹோட்டல் பேர் சொல்லல, போருக்கப்பறம் எது இருக்கும் எது மூடியிருக்கும்னு யாரால சொல்ல முடியும். பழைய ஊருக்குள்ள, பள்ளத்தாக்க பாத்த மாதிரி மேஜை போட்ட இடமா பாத்து மத்தியானம் உக்காருங்க, ராத்திரி சாப்பாடு உள்ளூர் ஜனங்க சாப்பிடற சின்ன கடைல வச்சுக்கோங்க. சைவத்துக்கு நிறைய இருக்கு, ஆனா ஒவ்வொண்ணுலயும் ஒரு கேள்வி கேட்டாகணும். போர்ஷ்ச் இருக்கே, அந்த பீட்ரூட் சூப், அது பொதுவா எலும்பு வேகவச்ச தண்ணிலதான் செய்வாங்க, கறித்துண்டு கண்ணுக்கு தெரியலன்னா சைவம்னு அர்த்தம் இல்ல. "பிஸ்னி போர்ஷ்ச்"னு கேளுங்க, விரத காலத்துக்குன்னு பீன்ஸும் காளானும் போட்டு செய்யறது. ஈஸ்டருக்கு முந்தின நாப்பது நாள்ல போனா பல கடைல விரத மெனுவே தனியா இருக்கும், உங்களுக்கு அதவிட நல்ல சமயம் இல்ல. போர்ஷ்ச் சமைக்கற பழக்கத்த 2022 ஜூலைல யுனெஸ்கோ அவசரமா பாதுகாக்க வேண்டிய பாரம்பரியம்னு பட்டியல்ல சேத்தாங்க. போர்ல ஜனங்க சிதறிப் போனா வீட்டு சமையலும் சேந்து சிதறிடும்ல, அந்த கவலதான்.

வரேனிகி கட்டாயம் சாப்பிடுங்க, நம்ம சோமாஸ் வடிவத்துல இருக்கும், எண்ணெய்ல பொரிக்காம தண்ணில வேகவைப்பாங்க. உள்ள உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், பாலாடைக்கட்டி, இல்லன்னா செர்ரி பழம். ஆர்டர் பண்ணும்போதே மேல "ஷ்க்வார்கி" வேண்டாம்னு சொல்லிடணும், அது பன்னிக் கொழுப்ப பொரிச்சு தூவறது, கேக்காமலே போட்டு எடுத்துட்டு வந்துடுவாங்க. தெருனின்னு துருவின உருளைக்கிழங்கு அடை கிடைக்கும், ஸ்மெத்தானாங்கற புளிச்ச க்ரீமோட தருவாங்க, அந்த சூட்டுல அந்த புளிப்பு அவ்வளவு நல்லாருக்கும். சோளமாவு கிளறின மமலிகா அந்தப் பக்கத்து சாப்பாடு, உப்பு சீஸோட கேட்டு வாங்குங்க. எல்லாத்தோடயும் உஸ்வார், உலர்ந்த பழங்கள வேகவச்சு எடுக்கற பானம், லேசா புகை வாசம் வரும், மொத மடக்குல பிடிக்காது, ரெண்டாவது மடக்குல பிடிச்சுடும். கடைல எதுவுமே புரியலன்னா "பெஸ் ம்யாசா"ன்னு சொல்லுங்க, கறி இல்லாமன்னு அர்த்தம். உங்க பையனுக்கு இதெல்லாம் அத்துப்படியா இருக்கும், அவனையே பேச விடுங்க, ரொம்ப சந்தோஷப்படுவான்.

தங்கறது பழைய ஊருக்குள்ளயே தங்குங்க, புது ஊர்ல ரூம் கொஞ்சம் சீப்பா கிடைக்கும்னு அங்க போயிட்டா சாயங்காலம் டூர் பஸ்ஸெல்லாம் கிளம்பினதுக்கப்பறம் ஊர் எப்படி மாறுதுன்னு பாக்க முடியாது. மே மாசமோ செப்டம்பரோ நல்லது, ஜனவரில அந்த கல்லுத் தெருல ஐஸ் படியும், முட்டிக்கு ஆகாது. திரும்பும்போது கோதின்ல இறங்குங்க, செர்னிவ்ட்சி போற வழிலயேதான் வருது, த்னீஸ்தர் ஆத்தங்கரைல இன்னொரு கோட்டை. அங்க கோட்டை வரைக்கும் இறக்கத்துல நடக்கணும், திரும்ப ஏறணும், அதனால பையனோட கைய பிடிச்சுக்கிட்டு மெதுவா போங்க. கெளம்பறதுக்கு முன்னாடி ஒரு வரி எழுதுங்கம்மா, பஸ் நேரமெல்லாம் அப்ப விசாரிச்சு சொல்றேன்.