ஃபார்முலா 3-க்குப் பணமில்லை. 24 மணி நேர ரேஸில் பிழைக்க முடியுமா?

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. கோவையில் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். கரி மோட்டார் ஸ்பீட்வேயில் இரண்டு வருடமாக ஃபார்முலா எல்ஜிபி என்ற ஒற்றை இருக்கை ரேஸ் கார் ஓட்டுகிறான், சில கோப்பைகளும் வாங்கியிருக்கிறான். ஐரோப்பாவுக்கு அனுப்பி ஃபார்முலா 3 ஓட்டவைக்க எங்களிடம் வசதி இல்லை. பிரான்ஸின் லே மான் 24 மணி நேர ரேஸ் மாதிரி, ஒரே காரை டிரைவர்கள் மாறி மாறிப் பல மணி நேரம் ஓட்டும் எண்டியூரன்ஸ் ரேஸுக்குப் போகிறேன் என்கிறான். அதில் வருமானம் உண்டா?

பதில்: உண்டு, ஆனால் தாமதமாக வரும். யார் உங்கள் மகனுக்குச் சம்பளம் தருவார்கள் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

உங்கள் ஊர்க்காரரின் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். 2009-இல் நரேன் கார்த்திகேயன் கோலெஸ் டீமின் ஆடி காரில் லே மான் போனார். ரேஸ் தொடங்கும் முன் தோள்பட்டை மூட்டு விலகிவிட்டது, ஓட்ட முடியவில்லை. மூன்று பேர் பங்கிட வேண்டிய 24 மணி நேரத்தை மற்ற இருவரே ஓட்டி, ஏழாவதாக முடித்தார்கள். அதில் ஒருவர் ஆந்த்ரே லாட்டரர். அப்போது 27 வயது. ஃபார்முலா 1-இல் இடம் கிடைக்காமல் ஜப்பானில் ஓட்டிக்கொண்டிருந்தவர், லே மானுக்கே அது முதல் முறை. அடுத்த ஆண்டு ஆடி கம்பெனி அவரைத் தன் சொந்த டீமில் சேர்த்துக்கொண்டது. 2011, 2012, 2014 என மூன்று முறை லே மான் ஜெயித்தார்.

இந்த ரேஸில் டீம்கள் தேடுவது அப்படிப்பட்ட ஆளைத்தான்: களைத்த பிறகும் ஒரே வேகத்தில் ஓட்டி, காரை முழுசாக அடுத்தவரிடம் கொடுப்பவரை. சீட்டும் பெடலும்கூட மூன்று பேருக்கும் பொதுவாகத்தான் அமையும். 'எனக்கு வசதியாக இல்லை' என்று முகம் சுளிப்பவரை யாருக்கும் பிடிக்காது.

இனி பணத்துக்கு வருவோம். உலக மோட்டார் ரேஸ் அமைப்பான எஃப்ஐஏ, எண்டியூரன்ஸ் டிரைவர்களைப் பிளாட்டினம், தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று தரம் பிரிக்கிறது. உலக எண்டியூரன்ஸ் சாம்பியன்ஷிப்பில், விற்பனைக்கு வரும் ஸ்போர்ட்ஸ் கார்களை ரேஸுக்கு மாற்றி ஓட்டும் எல்எம்ஜிடி3 பிரிவில் ஒவ்வொரு காரிலும் ஒரு வெண்கல டிரைவர் கட்டாயம். அவர் பெரும்பாலும் வேறு தொழிலில் சம்பாதித்து, ஆசைக்கு ரேஸ் ஓட்டுபவர். பல கார்கள் ஓடுவதே அவர் பணத்தில்தான். கார் கம்பெனி சம்பளம் பெரும்பாலும் தங்கத்துக்கும் பிளாட்டினத்துக்கும். உங்கள் மகன் வயதில் இருப்பவர்கள் பொதுவாக வெள்ளியில்தான் தொடங்குவார்கள். வெள்ளித் தரத்தில் இருந்துகொண்டு தங்கத்தின் வேகத்தில் ஓட்டுகிற பையனுக்கு நல்ல கிராக்கி உண்டு. ஆனால் அந்தப் பெயர் வரும்வரை, தொடக்க வருடங்களில், வெள்ளி டிரைவரும் கைக்காசு போட வேண்டியிருக்கும். இதை மறைத்துப் பேசும் ஏஜென்ட்டிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.

செலவு குறைந்த வழி என்றால் நான் ஜெர்மனியின் நியூர்பர்க்ரிங் ரேஸ் டிராக்கைச் சொல்வேன். அங்கே நடக்கும் எண்டியூரன்ஸ் தொடரில் ரேஸ்கள் பெரும்பாலும் 4 மணி நேரம். முழுக் காரையும் எடுக்க வேண்டாம், சக்தி குறைந்த காரில் ஒரு சீட்டை மட்டும் வாடகைக்கு எடுக்கலாம். புதியவர்கள் முதலில் அதற்கான பெர்மிட் வாங்கி, சிறிய கார்களில் ஓட்டித்தான் மேலே போக முடியும். சர்வதேச லைசென்ஸுக்கு, இந்திய மோட்டார் ரேஸ் அமைப்பான எஃப்எம்எஸ்சிஐயிடம் இப்போதே விசாரியுங்கள். அடுத்த படி ஜிடி4 கார், அப்புறம் அதைவிட வேகமான ஜிடி3.

அதுவரை கரியிலேயே ஒரு வேலை செய்யச் சொல்லுங்கள். தேய்ந்த டயரில், இடைவிடாமல் 30 லேப். மிக வேகமான லேப்பைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டு மீதி 29-இன் நேரங்களைப் பாருங்கள். கடைசிப் பத்து லேப்பும் முதல் பத்தும் எவ்வளவு விலகுகின்றன? நான் ஒரு டீமுக்கு ஆள் எடுத்தால் கோப்பைப் படங்களைவிட இந்தத் தாளைத்தான் கேட்பேன். மூடிய காருக்குள் வெக்கை கடுமையாக இருக்கும் என்பதால் நண்பகல் வெயிலிலேயே ஓட்டட்டும். லே மானில் ஒருவர் 6 மணி நேரத்துக்குள் 4 மணி நேரம்வரை ஓட்டலாம், மொத்தமாக 14 மணி நேரம். இடையில் கிடைக்கும் நேரத்தில் சத்தத்துக்கு நடுவே தூங்கத் தெரிவதும் இந்த வேலையில் சேர்த்திதான்.

படிப்பை மட்டும் பாதியில் விட வேண்டாம். காரில் பதிவாகும் பிரேக், ஸ்டியரிங், டயர் விவரங்களை இன்ஜினியரோடு உட்கார்ந்து படிக்கத் தெரிந்தவரை, வெண்கல டிரைவருக்குச் சொல்லிக்கொடுக்கவே டீம்கள் கூப்பிடுகின்றன. பல இளம் டிரைவர்களுக்கு ரேஸில் கிடைக்கும் முதல் சம்பளம் இந்தப் பயிற்சி வேலைக்குத்தான்.