நெருப்புச் சட்டி

அன்புள்ள டீச்சருக்கு,

தலவாக்கலைக்கு அருகே ஒரு தோட்டப் பாடசாலையில் கற்பிக்கிறேன். இது எங்களுக்கு முதல் குழந்தை. ஜூன் நடுப்பகுதி என்று கிளினிக்கில் திகதி கொடுத்திருக்கிறார்கள். கனடாவில் இருக்கும் என் நாத்தனார் வாங்க வேண்டிய பொருட்களின் பட்டியல் ஒன்றை அனுப்பியிருக்கிறார். மரக்கட்டில், அதன் உட்புறத்தைச் சுற்றிக் கட்டும் மெத்தைத் தடுப்பு, தள்ளுவண்டி, தானாக ஆடும் சாய்வு நாற்காலி, போத்தல்களைக் கிருமி நீக்கும் இயந்திரம், பால் பிழியும் கருவி, துணி மாற்றும் மேசை, குளியல் தொட்டி என்று அது நீளுகிறது. என் கணவர் தம் பங்குக்கு ஒரு வோக்கரையும் சேர்த்துவிட்டார். கொழும்பில் விலை விசாரித்ததில் எல்லாமாக 180,000 ரூபாய் வருகிறது. தேயிலைக் கொழுந்தெடுத்துப் பிள்ளைகளை ஆளாக்கிய என் மாமியாரோ, இவற்றில் ஒன்றும் வேண்டாம், சேலைத் தொட்டிலும் நெருப்புச் சட்டியும் வைத்துத்தான் ஆறு பிள்ளைகளை வளர்த்தோம் என்கிறார். எவை இல்லாமல் நாங்கள் சமாளிக்கலாம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
க.

அன்புள்ள க.,

உங்கள் பட்டியலைப் படித்துக்கொண்டே வந்தவள், மாமியாரின் வரிக்கு வந்ததும் அங்கேயே நின்றுவிட்டேன். அதற்குக் காரணம் உண்டு. போன தை மாதம், பனி கொட்டிய ஒரு மாலையில், நுவரெலியாவில் ஒரு வீட்டுக்குப் பிள்ளை பார்க்கப் போயிருந்தேன். கதவையும் சன்னலையும் இறுக அடைத்த அறையில், தாயின் கட்டிலுக்கடியில் தணல் நிரம்பிய சட்டி ஒன்று இருந்தது. பார்த்தேன், தேநீர் குடித்தேன், பிள்ளையின் கையில் காசை வைத்துவிட்டு வந்தேன். விருந்துக்குப் போன இடத்தில் வாயைத் திறக்கக் கூடாது என்ற மரியாதை என்னைத் தடுத்தது. இரண்டு மாதங்களாக அந்த மரியாதையை நினைத்து வெட்கப்பட்டுக்கொண்டிருக்கும் வேளையில் உங்கள் கடிதம் வந்திருக்கிறது. அன்று அங்கே சொல்லாததை இன்று உங்களிடம் சொல்கிறேன். கொஞ்சம் கடுமையாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பட்டியலை முடித்துவிடுவோம். தள்ளுவண்டி வேண்டாம், உங்கள் வீட்டிலிருந்து பிரதான வீதிக்கு எத்தனை படி, எத்தனை கான், எத்தனை இடத்தில் கொங்கிறீட் பெயர்ந்த மேடு என்று ஒருநாள் எண்ணிப் பார்த்தால் நீங்களே சிரிப்பீர்கள். துணி மாற்றுவதற்கு மேசை எதற்கு? பாய் இருக்கிறது, பாயிலிருந்து யாரும் விழுவதில்லை. குளியல் தொட்டிக்குப் பதில் ஒரு பெரிய பிளாஸ்டிக் பேசின் போதும், பிள்ளை வளர்ந்த பிறகும் அது வீட்டில் உழைக்கும். பால் பிழியும் கருவியைப் பாடசாலைக்குத் திரும்பும் காலத்தில் யோசிக்கலாம். அதற்கு முன் கையால் பிழிந்தெடுக்கும் முறையைக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள். பிழிந்த பாலைச் சிறு கோப்பையால் ஊட்டிப் பழக்கினால் போத்தலும் வேண்டியதில்லை, போத்தலுக்கென்று ஓர் இயந்திரமும் வேண்டியதில்லை. கார் வாங்கும் எண்ணம் இருந்தால் மட்டும் பிள்ளைக்கான ஆசனத்தையும் சேர்த்து வாங்குங்கள். வளைவுக்கு வளைவு பிரேக் போடும் நம் வீதிகளில், மடியில் பிடித்திருக்கும் கை பிள்ளையைக் காப்பாற்றாது.

வோக்கரைப் பற்றி உங்கள் கணவரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள். கனடா 2004 ஆம் ஆண்டிலேயே அதன் விற்பனையைத் தடைசெய்துவிட்டது. உங்கள் நாத்தனாரின் பட்டியலில் அது இல்லாததற்கு அதுவே காரணமாக இருக்கும். சக்கரத்தில் உட்கார்ந்த பிள்ளை கண் இமைக்கும் நேரத்தில் படிக்கட்டில் போய் விழும் என்பதுதான் அந்தத் தடைக்குக் காரணம், மலைநாட்டிலோ வாசலைத் தாண்டினாலே படிக்கட்டுத்தான். நம் தச்சர்கள் செய்துதரும் மூன்று சக்கர மர நடைவண்டி வேறு. அங்கே பிள்ளை தன் காலில் நின்று வண்டியைத் தள்ளுகிறது. மெத்தைத் தடுப்பையும் சாய்ந்த படுக்கைகளையும் அமெரிக்கா 2022 இல் சட்டம் போட்டு விலக்கியது. மூக்கு மெத்தையில் புதைந்தாலோ முகவாய் நெஞ்சில் மடிந்தாலோ, சின்னப் பிள்ளைக்குத் தலையைத் திருப்பி மூச்சுவிடத் தெரியாது. அதே காரணத்தால் சேலைத் தொட்டிலையும் பகலில், உங்கள் கண்ணெதிரில், பிள்ளை உட்காரப் பழகும் வரையில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இரவில் மட்டமான, கெட்டியான படுக்கையில், தலையணை இல்லாமல், மல்லாக்கப் படுக்க வையுங்கள். அதற்கு விலையுயர்ந்த மரக்கட்டில்தான் வேண்டும் என்பதில்லை.

பட்டியல் முடிந்தது. இனி உங்கள் மாமியார்.

அவர் ஏன் மறுக்கிறார் என்பது எனக்கு நன்றாகவே விளங்குகிறது. 2024 இல் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது. அந்தக் கணக்கில் உங்கள் 180,000 ரூபாய் என்பது 133 நாள் கொழுந்து. ஒவ்வொரு நாளும் கூடை நிறைந்து, தராசில் கழித்ததெல்லாம் போக மிஞ்சிய நாள்கள் அவை. மழையில் அட்டை கடித்த காலோடு மலையில் நின்றவருக்கு, ஆடும் நாற்காலியின் விலையைக் கேட்டால் நெஞ்சு அடைக்கத்தான் செய்யும். அந்த அச்சத்தை மதியுங்கள். ஆனால் “ஒன்றும் இல்லாமல்தான் வளர்த்தோம்” என்ற பெருமையை மதிக்காதீர்கள். அந்தச் சொல்லை மலையகத்தில் யார் சொன்னாலும் எனக்குக் கோபம் வருகிறது. ஏனென்றால் அது முதலில் நம் வாயிலிருந்து வந்த சொல்லே அன்று. இவர்களுக்கு இது போதும், இது இல்லாமலும் இவர்கள் சமாளிப்பார்கள் என்று நம்மைப் பற்றித் தீர்மானித்தவர்களின் சொல். லயத்தில் ஒரு குடும்பத்துக்கு 10 அடிக்கு 12 அடிக் காம்பரா, அந்த ஓர் அறை போதும் என்று அளந்து கட்டிய வெள்ளைக்காரத் துரைமார் அப்படித்தான் நினைத்தார்கள். அவர்கள் போன பிறகு அதை நாமே எடுத்து நகைபோல் அணிந்துகொண்டோம்.

என் அம்மா அதை ஒருபோதும் சொன்னதில்லை. எத்தனை பிள்ளைகள் என்று யார் கேட்டாலும், “பெத்தது அஞ்சு, வளத்தது நாலு” என்பார். கேட்டவர்கள் வளர்த்ததைத்தான் கேட்டிருப்பார்கள். அம்மா இரண்டையும் சொல்லாமல் விடமாட்டார்.

ஐந்தாவது பிள்ளை என் தம்பி. 1974 ஆம் ஆண்டு சித்திரையில், மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தான். எனக்கு அப்போது எட்டு வயது. அதற்கு முந்தைய ஆண்டிலேயே தொடங்கிய உணவுத் தட்டுப்பாட்டில் மாவும் அரிசியும் அருகி, தோட்டங்களில் பெரியவர்களே வாடிப்போயிருந்த காலம் அது. தோட்டத்துச் சிசு மரணங்கள் அந்த ஆண்டுகளில் உயர்ந்தன என்பதைப் பின்னாளில் புத்தகத்தில் படித்தபோது, நான் அந்த எண்ணிக்கைக்குள் ஒரு முகத்தைத் தேடினேன். அம்மா மலைக்குப் போகும்போது தம்பியைத் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் விட்டுப் போவார். மாலையில் அவன் என் பொறுப்பு. ஜூன் மாதத்துத் தென்மேல் மழை பிடித்துக்கொண்டால் மஸ்கெலியாவில் வெயிலை மறந்துவிட வேண்டியதுதான். தம்பிக்கு இருந்தவை எட்டோ ஒன்பதோ துணிகள், எல்லாம் அம்மாவின் கிழிந்த சேலையிலிருந்து வந்தவை. அவை காயவே காயாது. ஓட்டை விழுந்து கழித்த கொழுந்துக் கூடை ஒன்றை நெருப்புச் சட்டியின் மேல் கவிழ்த்து, அதன்மேல் துணியை விரித்து, கருகுமுன் திருப்பிப் போடுவது என் வேலை. பாதி காய்ந்த துணியை, நன்றாகக் காய்ந்துவிட்டதென்று சொல்லி, நான் பல தடவை அம்மாவிடம் கொடுத்திருக்கிறேன். விளையாடப் போகும் அவசரம்.

ஆனி மாதத்து இரவொன்றில் அவனுக்கு நெஞ்சு இரைந்தது. வாசற்படிக்குக் கீழே காற்று வராமல் சாக்கை அடைத்து, சட்டியில் இன்னும் கொஞ்சம் தணலைப் போட்டு, அவனைச் சூட்டுக்குப் பக்கத்தில் வைத்தோம். எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். அப்பா இரண்டு முறை போய்க் கேட்டும் தோட்டத்து லொறி விடிந்த பிறகே வந்தது. கம்பளியில் சுற்றி அம்மா ஏறினார். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகுமுன் எல்லாம் முடிந்திருந்தது. பதிவில் சளிக்காய்ச்சல் என்று எழுதினார்கள். லயத்தில் அதற்குப் பிறகும் பிள்ளைகள் பிறந்தன. அந்தப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் இன்று பாட்டிமாராகி, ஒன்றும் இல்லாமல்தான் வளர்த்தோம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

க., நீங்கள் ஆசிரியை. காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் இருப்பதை வகுப்பில் சொல்லியிருப்பீர்கள். நிறமில்லை, மணமில்லை, கண்ணையும் எரிக்காது. அரைகுறையாக எரியும் கரியிலிருந்து எழும் அந்த வாயு, குருதியிலுள்ள ஈமோகுளோபினை ஒட்சிசனை விட 200 மடங்குக்கும் மேலான பலத்தோடு பற்றிக்கொண்டு, ஒட்சிசனுக்கு இடமில்லாமல் செய்துவிடுகிறது. புகை வராத நல்ல தணல் என்று நம் பெண்கள் தேடி எடுத்து அறைக்குள் வைக்கிறார்களே, அந்த நல்ல தணலில்தான் அது இருக்கிறது. புகை வந்தாலாவது இருமிக் கதவைத் திறப்போம். புகைக்குத் தனிக் கணக்கு உண்டு, அது பிள்ளையின் நுரையீரலில் எழுதப்படும். ஆகவே அடைத்த அறைக்குள் நெருப்புச் சட்டி கூடாது. கட்டிலுக்கடியிலும் கூடாது, மூலையிலும் கூடாது, “கொஞ்ச நேரத்துக்கு” என்றும் கூடாது. சாம்பிராணி போடுவதானால் பிள்ளை இல்லாத அறையில் போட்டு, சன்னலைத் திறந்துவிட்டுப் பிறகு கொண்டுவரச் சொல்லுங்கள். மாமியார் கோபித்துக்கொண்டால் கோபிக்கட்டும். இரண்டு நாளில் பிள்ளை சிரித்துச் சமாதானம் செய்துவிடும்.

அப்படியானால் குளிருக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். 1995 இல் ஹட்டனில் என் மகள் பிறந்து வீட்டுக்கு வந்த அன்று, அக்கம்பக்கத்தார் ஒருவர் அன்போடு தணல் சட்டியைக் கொண்டுவந்து வைத்தார். அம்மா ஒரு வார்த்தை பேசாமல் அதை எடுத்துக்கொண்டுபோய் மழையில் வைத்துவிட்டு வந்தார். பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, பிள்ளையின் துணியை அவிழ்த்து, தம் சட்டைக்குள் மார்போடு சேர்த்து வைத்து, மேலே கம்பளியைப் போர்த்திக்கொண்டு, பிள்ளையின் முகம் மட்டும் வெளியே தெரிய, விளக்கு வைக்கும் வரை அசையாமல் இருந்தார்.

அம்மாவுக்குப் பொகோட்டாவைத் தெரியாது. கொலம்பியாவின் தலைநகரான அந்த ஊரும் மலை நகரம்தான். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர், அது 2,600 மீற்றர். அங்கே 1978 இல் எட்கார் ரேய் என்ற மருத்துவர், குறைமாதப் பிள்ளைகளை வைக்க இன்குபேட்டர்கள் போதாமல் தவித்தபோது, அவர்களைத் தாயின் மார்பில் தோலோடு தோல் படக் கட்டிவைக்கும் முறையைத் தொடங்கினார். இன்று அதைக் கங்காரு முறை என்று உலகெங்கும் பின்பற்றுகிறார்கள். அதுவும் இல்லாமையில் பிறந்த வழிதான். ஆனால் அவர்கள் “சமாளித்தோம்” என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. எத்தனை பிள்ளைகள் பிழைத்தன, எத்தனை போயின, எடை எவ்வளவு கூடியது என்று பல ஆண்டுகள் எண்ணிப் பார்த்தார்கள். பெற்றதையும் வளர்த்ததையும் சேர்த்துச் சொன்ன என் அம்மாவின் கணக்கும் அந்த வகைதான். இந்தக் கணக்கை ஒருநாள் உங்கள் மாமியாரிடமும் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். ஆறு பேரை வளர்த்தேன் என்றவர், பெற்றது எத்தனை என்று இதுவரை உங்களிடம் சொல்லவில்லை அல்லவா?

இவ்வளவும் சொல்லிவிட்டு உங்கள் காசை எதில் போடச் சொல்கிறேன் என்றால், காய்ந்த துணியில். இது யாருடைய பட்டியலிலும் வராது, ஏனென்றால் பட்டியல் எழுதுபவர்கள் தலவாக்கலையின் ஜூன் மாதத்தைப் பார்த்ததில்லை. துணியைச் சுழற்றிப் பிழியும் இயந்திரம் ஒன்று, பழையதாக இருந்தாலும் பரவாயில்லை, வாங்குங்கள். பிழிந்து உலர்த்திய துணியை இஸ்திரிப் பெட்டியால் ஒரு தடவை தேய்த்தால் மீதி ஈரமும் போய்விடும். இரவுக்கும் கிளினிக்குக்கும் பெம்பர்ஸ் வைத்துக்கொள்வது குற்றமல்ல. குப்பை எடுக்க யாரும் வராத தோட்டத்தில் அவற்றை ஓடையில் எறிவதுதான் குற்றம். துணிகள் மூன்று டசின் இருக்கட்டும். புதிதாக வாங்காதீர்கள், புதுத்துணி உறிஞ்சாது. பலமுறை துவைத்த நூல் சேலை போல் பிள்ளைக்கு இதமானது வேறில்லை.

ஜூன் என்று எழுதியிருக்கிறீர்கள், மழையும் அப்போதுதான் வரும். சித்திரையில் முற்பகல் வெயில் நன்றாக இருக்கும், பின்னேரம்தான் கறுக்கும். அந்த வெயிலில் எல்லாவற்றையும் துவைத்து, இரண்டு பக்கமும் காய்ந்ததும் மடித்து, பொலித்தீன் பையில் கட்டி அலுமாரியின் மேல்தட்டில் வையுங்கள். என்னிடம் இரண்டு பழைய நூல் சேலைகள் இருக்கின்றன. கிழித்து, ஓரம் அடித்து, புதுவருடம் கழிந்த வாரத்தில் நானே கொண்டுவருகிறேன். மாமியாரையும் அன்று வீட்டில் இருக்கச் சொல்லுங்கள்.