தெருவில் உறங்குபவர்களுக்கு என்ன வாங்கிக் கொடுக்கலாம்? நெல்லைக் கேள்வி பதில்

புரட்டாசி முடியப் போகுது. அடைமழைக்கு முன்னாடி கேட்க வேண்டியதைக் கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்லுதேன். ஆஸ்பத்திரி வார்டுல நர்ஸா இருந்து ஓய்வு பெற்றவன். ஜங்ஷன், கொக்கிரகுளம், பாளை பஸ் ஸ்டாண்டு பக்கம் ராத்திரி பொருள் குடுக்கப் போறவங்களோட போயிட்டு இருக்கேன். உடம்புக்கும் படுக்கைக்கும் வேண்டிய பொருளைப் பத்தி மட்டும் பேசுவோம்.

தச்சநல்லூர், கல்லூரி மாணவி: அண்ணாச்சி, வகுப்புல எல்லாரும் சேர்ந்து ஆளுக்கு ஐநூறு ரூபா கணக்குல பத்துப் பேருக்கு வாங்கப் போறோம். எதை முதல்ல வாங்க?

நல்ல காரியம், தங்கச்சி. கடைக்குப் போறதுக்கு முன்னாடி ஒண்ணை மனசுல வாங்கிக்கிடுங்க. அவங்களுக்குச் சாமான் வைக்க இடம் கிடையாது. நீங்க குடுக்கிறது எதுவா இருந்தாலும் விடிஞ்சதுல இருந்து அடையுற வரைக்கும் தூக்கிட்டே நடக்கணும். கனமா இருந்தா ரெண்டாம் நாள் போட்டுட்டுப் போயிருவாங்க, பளபளப்பா இருந்தா முதல் ராத்திரியே களவு போயிரும். அதனால லேசா இருக்கணும், சீக்கிரம் காயணும், பார்க்கச் சாதாரணமா இருக்கணும். இந்த மூணும் பொருந்தாததை வாங்கவே வேண்டாம்.

ஆம்பளைகளுக்கு முதல் பொருள் மூட்டின சாரம், அதாவது லுங்கி. ஒரு சாரம் உடுப்பு, போர்வை, துவட்டுற துண்டு, கொசுவுக்கு மறைப்பு எல்லாமா ஆகும். உள்ள நுழைஞ்சு தலைமாட்டுல வாயைச் சுருட்டிக்கிட்டா கொசு அவ்வளவா அண்டாது. அழுக்குத் தெரியாத நிறத்துல, கட்டம் போட்டது எடுங்க. வெள்ளை வேட்டி வேண்டாம், ஒரு நாள்ல அழுக்காகி ஆளையே ஒதுக்க வைக்கும்.

அடுத்தது பை. கட்டைப்பை வேண்டாம். கையில பிடிக்க மட்டுந்தான் ஆகும், தூக்கத்துல உருவிருவாங்க. தோள்ல குறுக்கே போடுற ஜிப் வச்ச துணிப்பை எடுங்க. தலைக்கு வச்சிக்கிட்டு வாரைக் கையில சுத்திப் படுக்கலாம். அதுக்குள்ள ஒரு தடித்த ஜிப் கவர், ஆதார் நகல், ஆஸ்பத்திரிச் சீட்டு, சொந்தக்காரங்க போன் நம்பர் எழுதின தாள் வைக்க. நனைஞ்சு போன காகிதத்தால சிகிச்சையும் பென்ஷனும் தள்ளிப்போறவங்க நிறையப் பேரு.

பிறகு ரப்பர் செருப்பு. அளவு கேட்டு வாங்கணும். காலுல புண்ணோ மரத்துப்போன உணர்ச்சியோ இருந்தா சாதாரணச் செருப்பு போதாது, எம்.சி.ஆர். செருப்பு, அதாவது மெத்துனு இருக்கிற தனி ரப்பர்ல செஞ்சது வேணும். தொழுநோய்ப் பாதிப்பு உள்ளவங்களுக்கு அரசுத் திட்டத்துல இலவசமாவே குடுக்காங்க, கூட்டிட்டுப் போய் வாங்கிக் குடுங்க.

மிச்சத்துக்கு ஒரு லிட்டர் தண்ணி பாட்டில், குளியல் சோப்பு, சின்னத் துண்டு, நகவெட்டி, ஒரு லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். (உப்புச் சர்க்கரைக் கரைசல் பொடி) ரெண்டு மூணு பாக்கெட். பாட்டில் சரியா ஒரு லிட்டரா இருக்கட்டும். பாக்கெட்டைக் கரைக்கிற அளவும் அதுதான், பாதிப் பாட்டில்ல முழு பாக்கெட்டைக் கரைச்சா உப்பு கூடிப் போகும். வெயில் காலத்துல பாளையில நாப்பது டிகிரி தாண்டும்போது தார் ரோட்டோரம் கிடக்கிறவங்களுக்கு இதைவிட மேலான மருந்து கிடையாது.

பழைய நூல் சேலை வீட்டுல இருந்து கொண்டுவாங்க. மேலப்பாளையத்துல மொத்தமாக் கேட்டா சாரம் விலை குறைப்பாங்க. ஐநூறுக்குள்ள அடக்கிரலாம்.

குடுக்கும்போது எழுப்பிக் குடுக்காதீங்க, தூங்குறவங்க தலைமாட்டுல வச்சிட்டும் வராதீங்க. அது அவங்க கைக்குப் போய்ச் சேராது. கடை அடைக்கிற நேரம், படுக்கைக்கு முன்னாடி, பக்கத்துல உக்காந்து "உங்களுக்கு என்ன வேணும்"னு கேட்டுக் குடுங்க.

பெங்களூரில் வேலை பார்க்கும் அம்பாசமுத்திரத்துக்காரர்: வெளிநாட்டுல ஒரு பட்டியல் பார்த்தேன். ஸ்லீப்பிங் பேக், வெள்ளித்தாள் போர்வை, கம்பளிக் காலுறை, கை சூடேத்துற பாக்கெட். பத்து செட் அனுப்பட்டா?

அந்தப் பட்டியல் பனி கொட்டுற ஊருக்கு எழுதினது தம்பி. அங்க குளிர் ஆளைக் கொல்லும். நம்ம பக்கம் வருஷத்துல முக்கால்வாசி நாள் வெயிலும் கொசுவும் அழுக்குத் தண்ணியுந்தான் ஆபத்து. குளிர் வரும், ஆனா நனைஞ்ச துணியோட காத்துல கிடந்தாத்தான் வரும். அதுக்கு மருந்து கம்பளி இல்லை, காய்ஞ்ச மாற்றுத்துணி. அந்தக் காசுக்குச் சாரமும் தார்ப்பாயும் வாங்குங்க.

வண்ணாரப்பேட்டை: அப்பா நினைவு நாளுக்கு ஐம்பது கம்பளி வாங்கி வச்சிட்டேன். என்ன செய்ய?

கடையில மாத்தித் தருவாங்கன்னா சோலாப்பூர் பருத்திப் போர்வையா மாத்துங்க. தரலைன்னா இரவுக் காப்பகத்துக்கு, முதியோர் இல்லத்துக்குக் குடுங்க, அங்க மடிச்சு வைக்க அலமாரி இருக்கும். தெருவுல வேண்டாம். ஒரு மழையில நனைஞ்ச கம்பளி மூணு நாள் காயாது, நாத்தம் வரும், உடம்பு அரிக்கும்.

பாளையங்கோட்டை, இல்லத்தரசி: பெண்களுக்கு என்ன குடுக்கணும்? கேட்கவே கூச்சமா இருக்கு.

கூச்சப்படாதீங்கம்மா, இதை யாரும் கேட்கிறதில்லங்கிறதுதான் எனக்கு வருத்தம். வார்டுல இருந்தப்போ தெருவுல இருந்து வார பெண்களைப் பார்த்திருக்கேன். பாதிப்பேரு சிறுநீர்த் தொற்றோட வருவாங்க. ராத்திரி கழிப்பறைக்குப் போகப் பயந்து தண்ணியே குடிக்க மாட்டாங்க, அதான் காரணம். அதனால கட்டணக் கழிப்பறைக்குச் சில்லறை ஒரு பொட்டலம் கட்டிக் குடுங்க. பெரிய உதவி அது.

கருநிறத்துல உள்பாவாடை ரெண்டு, உள்ளாடை அளவு கேட்டு, நாப்கின், அதைச் சுருட்டிப் போடப் பழைய பேப்பர், ஊக்கு, ஒரு விசில். மேல போட்டுக்கிட நைட்டியும் துண்டும், மாத்த மறைவு கிடைக்காத இடத்துல நைட்டிக்குள்ளயே மாத்திக்கிடலாம். பேன் இருந்தா மருந்துக்கடையில பெர்மெத்ரின் லோஷன் கிடைக்கும், தலையை மழிக்கச் சொல்லாதீங்க.

பெண்களே போய்க் குடுங்க. வெளிச்சம் உள்ள இடத்துலதான் அவங்க படுப்பாங்க, பஸ் ஸ்டாண்டு விளக்கு, ஆஸ்பத்திரி வாசல்னு. "இங்ஙன ஏன் கிடக்க"ன்னு இருட்டுப் பக்கம் விரட்டாதீங்க. யாராவது தொந்தரவு குடுத்தா 181, பெண்கள் உதவி எண், அதுக்குக் கூப்பிடுங்க.

டவுண்: அண்ணாச்சி, நல்ல தடிச்ச கம்பளிப் போர்வை குடுக்கலாமா?

மேல சொல்லியிருக்கேன். வேண்டாம்.

பேட்டை: கொசுவத்தி ஒரு டஜன் வாங்கி வச்சிருக்கோம்.

சேலைக்கும் சாக்குக்கும் நடுவுல படுத்திருக்கிறவங்க பக்கத்துல நெருப்பு வைக்காதீங்க. கொசு விரட்டுற களிம்பு, சின்ன டியூப் குடுங்க. டெங்குக் கொசு பகல்ல கடிக்கிறது, அதனால காலையிலயும் கைகாலுல பூசச் சொல்லணும். கொசுவலை கட்ட நாலு மூலை வேணும், நடைபாதையில அதுக்கு வழியில்லை.

சிந்துபூந்துறை: கீழ விரிக்க என்ன குடுக்க? தார்ப்பாய் தானே?

ஆமா, மழைக்காலத்துல தார்ப்பாய்தான். தரையில இருந்து ஏறுற ஈரத்தைத் தடுத்தாலே பாதி சீக்கு போயிரும்.

பத்தமடை: மன்னிக்கணும் அண்ணாச்சி, இதை ஒத்துக்கிட மாட்டேன். கோரைப்பாய் இருக்க ஊர்ல இருந்துக்கிட்டு பிளாஸ்டிக்கைச் சொல்லுதீங்க. சித்திரை வெயில்ல தார்ப்பாயில படுத்துப் பாருங்க, முதுகு வெந்துரும். கோரை குளிர்ச்சி, வேர்வையை இழுக்கும்.

கோடைக்கு நீங்க சொல்லுதது முழுக்கச் சரி. ஐப்பசியில என்ன செய்வீங்க? நனைஞ்ச கோரை கறுத்துப் பூஞ்சை பிடிக்கும். அதை மடிக்கவும் முடியாது, உருட்டினா ஆள் இடுப்புக்கு மேல நிக்கும், அதைச் சுமந்துக்கிட்டு பஸ்ஸுல ஏற விட மாட்டாங்க.

பத்தமடை: அதுக்குத்தான் தடுக்கு இருக்கே. முதுகு அளவுக்குச் சின்னதா நெய்து தரலாம். எங்க ஊர்ல நெசவுக்கும் வேலை கிடைக்கும்.

இது யோசிக்க வேண்டியது. இடம் நிலையா உள்ளவங்க உண்டு, கோயில் மண்டபத்துல ஒரே மூலையில வருஷக்கணக்கா இருக்கிற வயசானவங்க. அவங்களுக்குத் தடுக்கு நல்ல பொருள். நடமாடுறவங்களுக்கு இல்லை.

ஜங்ஷன், ஆட்டோ ஓட்டுநர்: ரெண்டு பேரும் காசு செலவழிக்கச் சொல்லுதீங்க. பிளெக்ஸ் பேனர் சும்மா கிடைக்குது. கல்யாணம், காதுகுத்து முடிஞ்சா கழட்டிக் குப்பையில போடுதாங்க. நாங்க ஸ்டாண்டுல அதைத்தான் விரிக்கோம்.

தம்பி சொல்லுதது அனுபவம். பிளெக்ஸ் ஈரம் விடாது, கிழியாது. ஏழடிக்கு நாலடியா வெட்டி, மூலையில ஓட்டை போட்டுக் கயிறு கோத்தா ரோட்டோரக் கம்பியில கட்டி மழைக்குச் சாய்ப்பும் ஆகும். ஆனா ஒரு எச்சரிக்கை. கட்சிக்காரங்க படம், சாதிச் சங்கத் தலைவர் படம் போட்ட பேனரை யாருக்கும் குடுக்காதீங்க. வெள்ளைப் பக்கம் மேல வரும்னு சொல்லாதீங்க, மழையில கட்டும்போது படம் வெளிய தெரியும். நம்ம மாவட்டத்துல அந்த முகத்து மேல படுத்திருக்கான்னு ஒருத்தனை அடிக்கிறதுக்கு ஆள் உண்டு. அடிவாங்குறவன் எழுதப் படிக்கத் தெரியாத கிழவனா இருப்பான். துணிக்கடை, நகைக்கடை விளம்பரமா எடுங்க. கல்யாண பேனரும் பொண்ணு மாப்பிள்ளை முகத்தை வெட்டிட்டுத்தான்.

பத்தமடை: பிளெக்ஸும் சூடுதானே? வழுக்கவும் செய்யும்.

சூடுதான். அதுக்கு மேல பழைய சேலையை நாலா மடிச்சுப் போடணும்.

மேலப்பாளையம், தையல்காரர்: ரெண்டையும் சேர்த்தே தைச்சுரலாமே அண்ணாச்சி. அடியில பிளெக்ஸ், மேல பழைய சாரம், மூணு பக்கம் மட்டும் தையல், ஒரு பக்கம் திறந்து விட்டா சாரத்தைத் துவைக்க முடியும். சுருட்டிக் கட்ட நாடா. பேனர் குடுத்தா நான் கூலி இல்லாம தைச்சுத் தாரேன்.

மூணு பக்கம் தைச்சா உள்ள தண்ணி தேங்கி நிக்கும். ஒரு பக்கம் தைச்சு, மிச்சத்துக்கு முடிச்சு நாடா வைங்க, கழட்டிக் காயப்போடலாம். மத்தபடி உங்க யோசனைதான் இன்னைக்கு வந்ததுலயே எனக்குப் பிடிச்சது. ஆட்டோ தம்பி பேனர் சேர்க்கட்டும். பத்தமடை அண்ணாச்சி தடுக்குக்கு விலை சொல்லட்டும், மண்டபத்து ஆளுங்களுக்கு வாங்குவோம்.

ஸ்ரீபுரம்: பாயைப் பத்தியே பேசிட்டு இருக்கீங்க, நாங்க கேட்டது அப்படியே கிடக்கு.

நியாயம். வேகமா வாரேன்.

கே.டி.சி. நகர்: பணமாக் குடுத்தா குடிச்சிருவாங்களே?

சிலர் குடிப்பாங்க, பலர் மருந்து வாங்குவாங்க, சிலர் ஊருக்கு பஸ் ஏறுவாங்க. எது தேவைன்னு கேட்டு அவங்க முன்னாடியே வாங்கிக் குடுத்தா இந்தச் சந்தேகத்துக்கே வேலை இல்லை.

சமாதானபுரம்: சமைக்கச் சின்ன அடுப்பு?

வேண்டாம். அம்மா உணவகத்துல இட்லி ஒரு ரூபா, சாம்பார் சாதம் அஞ்சு, தயிர் சாதம் மூணு. அங்க கூட்டிட்டுப் போங்க.

பெருமாள்புரம்: குடுக்கும்போது போட்டோ எடுத்துப் போட்டா நாலு பேரு பார்த்துக் குடுப்பாங்களே?

எடுக்காதீங்க. அவங்க பிள்ளைங்க பார்க்கும்.

மகாராஜநகர்: கம்பளி...

வேண்டாம்னு ரெண்டு தடவை சொல்லியாச்சு. தயவுசெய்து மேல படிச்சுட்டுக் கேளுங்க.

கொக்கிரகுளம்: நாய் கடிச்ச ஒருத்தரு மஞ்சளை வச்சுக் கட்டியிருக்காரு. வேற என்ன பொருள் குடுக்க?

சோப்பு. கடிபட்ட இடத்தை ஓடுற தண்ணியில சோப்புப் போட்டுப் பதினஞ்சு நிமிஷம் கழுவணும், கட்டுப்போடக் கூடாது. இன்னைக்கே ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, வெறிநாய்க்கடி ஊசி இலவசம். ஒரு ஊசியோட நிக்காது, மிச்ச தேதிகளுக்கும் கூட்டிட்டுப் போக ஒரு ஆள் பொறுப்பு ஏத்துக்கிடணும். நம்மாளுங்க விடுற இடம் அதுதான். நாளைக்குன்னு தள்ளாதீங்க.

பாளை பஸ் ஸ்டாண்டு கடைக்காரர்: ஒரு வயசான அம்மா தன் பேரு ஊரு சொல்லத் தெரியாம நிக்காங்க. சேலை குடுத்தோம், அதையும் கழட்டிப் போட்டுட்டாங்க.

அவங்களுக்குப் பொருள் தீர்வில்லை அண்ணாச்சி. 14567, முதியோர் உதவி எண், அதுக்குக் கூப்பிடுங்க. மனநலம் குன்றி அலையுறவங்களைப் பாதுகாப்புல எடுத்து 24 மணி நேரத்துக்குள்ள அரசு ஆஸ்பத்திரிக்குப் பரிசோதனைக்குக் கொண்டுபோறது காவல் நிலையத்தோட கடமை, 2017 மனநலச் சட்டம் 100-ஆம் பிரிவு. லாக்கப்புல வைக்கக் கூடாதுன்னும் அதுலயே இருக்கு. ஸ்டேஷன்ல பிரிவு நம்பரைச் சொல்லியே கேளுங்க. நீங்க கடை அடைக்கிற வரைக்கும் அவங்களைக் கண்ணுல வச்சிருந்ததே பெரிய காரியம்.

குறுக்குத்துறை: 2023 டிசம்பர் மாதிரி வெள்ளம் வந்தா? அதுக்குத் தனியா ஏதாவது குடுக்கணுமா?

அந்த 17, 18 தேதியில காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. கொட்டுச்சு, இங்ஙன ஜங்ஷன் வரைக்கும் தாமிரபரணி ஏறிட்டு. உங்க ஊர் முருகன் கோயில் மூழ்குறது உங்களுக்கே தெரியும். படித்துறை, பாலத்தடியில படுக்கிறவங்களுக்குத் தகவல்தான் முதல் உதவி. பாபநாசம் அணையில தண்ணி திறக்கிறாங்கன்னு செய்தி வந்தா அன்னைக்கு ராத்திரியே போய்ச் சொல்லி மேட்டுக்குக் கூட்டிட்டு வாங்க. அவங்க கையில போன் கிடையாது.

கையில குடுக்கிறதுன்னா மாற்றுச் சாரமோ சேலையோ ஒரு தடித்த பிளாஸ்டிக் கவருக்குள்ள கட்டி, சின்ன டார்ச், பிஸ்கட். வெள்ளத்தண்ணியில புண்ணோட நடந்தவங்களுக்கு அடுத்த ரெண்டு வாரத்துல காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண்ணு செவப்புன்னு வந்தா எலிக்காய்ச்சலா இருக்கலாம், மருந்துக்கடை மாத்திரையோட விடாம ஆஸ்பத்திரியில காட்டணும்.

பேனர் வச்சிருக்கிறவங்க மேலப்பாளையம் தையல்காரர் கேள்விக்குக் கீழ எழுதுங்க. ஏழுக்கு நாலு அளவுல வெட்டி, முகம் எதுவும் இல்லாம, துடைச்சுக் காயவச்சுக் கொண்டுவாங்க.