சேலத்தில் கடன் போட்டு வீடு வாங்கி வாடகைக்கு விடலாமா?

கையில் 20 லட்சம் இருக்கிறது, மீதிக்குக் கடன் போட்டுச் சேலத்தில் வீடு வாங்கினால் வாடகையிலேயே தவணை கட்டிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஏற்காட்டில் வாங்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

வாடகையில் தவணை கட்ட முடியாது. நானும் இதே நம்பிக்கையில்தான் 2018-ல் சிவதாபுரத்தில் மேலும் கீழுமாக இரண்டு போர்ஷன் உள்ள வீட்டை 36 லட்சத்துக்கு வாங்கினேன். அப்போது முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 4, ஆக 11 சதவீதம். பத்திரச் செலவே 4 லட்சத்தைத் தொட்டது. 20 லட்சம் கடனுக்கு எட்டரை வட்டியில் 15 வருடத் தவணை மாதம் 19,700. இரண்டு போர்ஷன் வாடகையும் சேர்த்து 15,000. போட்ட 40 லட்சத்துக்கு வருடம் நாலரை சதவீதம்தான் வருகிறது, அதுவும் வீடு ஒரு மாதம்கூடக் காலியாக இல்லாமல் இருந்தால். வீட்டு வரி, மோட்டார் காயில், வெள்ளையடிப்பு எல்லாம் தனி.

கீழ் போர்ஷனில் கொலுசுப் பட்டறையில் வேலை செய்யும் ஒருவர் குடும்பத்தோடு இருந்தார். ஐந்தாம் தேதி தாண்டாமல் வாடகை வந்துவிடும். 2020 ஊரடங்கில் பட்டறை மூடியதும் நாலு மாதம் அவரால் கொடுக்க முடியவில்லை. ரிசர்வ் வங்கி ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிப்போட இடம் கொடுத்தது, ஆனால் வட்டி நிற்கவில்லை. பிள்ளைகளோடு இருப்பவரைக் காலி செய்யச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வேலை திரும்பியதும் ஒரு நாற்பது பக்க நோட்டில் பாக்கியை அவரே எழுதி எடுத்து வந்தார். மாதம் 1,000, சில மாதம் 500. கொடுக்கும்போதெல்லாம் அந்த வரிக்கு நேரே என் கையெழுத்தை வாங்கிக்கொள்வார். 30,000-மும் தீர மூன்று வருடம் ஆனது. குடியிருப்பவருக்கு வேலை போனால் அந்த மாதம் நமக்கும் வருமானம் இல்லை. ஆறு மாதத் தவணையைத் தனியாக எடுத்து வைக்க முடியாதவர் கடனில் வாங்கவே கூடாது என்பேன்.

நல்லதும் உண்டு. மனை விலை ஏறியிருக்கிறது, வாடகையும் மெல்ல ஏறுகிறது. வருமான வரியில், வாடகையிலிருந்து நாம் கட்டிய வீட்டு வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதத்தைப் பராமரிப்புக்கென்று பில் இல்லாமலே கழிக்கலாம். கடன் வட்டியையும் கழிக்கலாம். ஆனால் புதிய வரி முறையில் இருந்தால், வட்டி மீதி வாடகையை மிஞ்சுவதால் வரும் நஷ்டத்தைச் சம்பளத்தில் ஈடுகட்ட முடியாது. இதைக் கேட்டுக்கொள்ளாமல் பலர் கணக்குப் போடுகிறார்கள். அடுக்குமாடி என்றால் மனையில் உங்கள் பங்கு எவ்வளவு என்று பாருங்கள். கட்டடம் பழசாகிக்கொண்டே போகும், விலை ஏறுவது மண்ணுக்குத்தான்.

ஏற்காடு வேண்டாம். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய் ஒரு குழாயை மாற்ற வேண்டியிருக்கும். பனியில் சுவர் ஓதம் காத்து நிற்கும், ஆள் வைத்தால் அவர் சம்பளத்துக்கே வாடகை போகும். வண்டியில் கால் மணி நேரத்தில் போகக்கூடிய இடத்தில் வாங்குங்கள்.

வாங்குவதாக இருந்தால் வில்லங்கச் சான்றும் பட்டாவும் வக்கீல் பார்க்கட்டும். ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனி மின் மீட்டர் இருக்க வேண்டும். ஒரே மீட்டர் என்றால் கரண்ட் பில்லை வைத்தே குடித்தனக்காரர்களுக்குள் மனத்தாங்கல் வந்துவிடும். 2019-ல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்துவிடுங்கள், தெரிந்தவர் என்றாலும் சரி. அப்புறம், பேசி முடிக்கும் முன் அந்தத் தெருப் பெண்களிடம் காவிரித் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு தடவை வருகிறது என்று கேளுங்கள். எனக்கு அதை வீட்டை விற்றவர் சொல்லவில்லை. போர் போட இன்னொரு லட்சம் போனது.