அர்ஜென்டினாவின் ‘அவர்கள் கண்களின் ரகசியம்’ படத்தைப் பற்றி ஆளுக்கொன்று சொல்கிறார்களே, எதை நம்புவது?

2009இல் வந்து, 2010இல் ஆஸ்கர் வாங்கிய இந்தப் படத்தைச் சிலர் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்கள், சிலர் ‘ஒரே இழுவை, கிளைமாக்ஸை நம்பவே முடியவில்லை’ என்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டிலேயே மூன்று கட்சி இருக்கிறது. மைத்துனன் முக்கால் மணி நேரத்தில் “அத்தான், கொலைகாரனைப் பிடிச்சா கூப்பிடுங்க” என்று எழுந்து போனான். என் மனைவிக்கு ஒரு காட்சியின் மேல் இன்னும் கோபம் ஆறவில்லை. நான் மூன்று முறை பார்த்துவிட்டேன். நான் படத்தின் கட்சிதான், ஆனால் மற்ற இரண்டு கட்சிகளும் சொல்வதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது.

இனி முடிவு உட்பட எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

மைத்துனன் ஏமாந்த இடம் எனக்குப் புரிகிறது. துப்பறியும் த்ரில்லர் என்று சொல்லி உட்கார வைத்தார்கள். இதில் துப்பறிகிற பெஞ்சமின் எஸ்போசிட்டோ போலீஸ்காரரே இல்லை, கோர்ட் ஆபீஸ் ஊழியர். அந்தக் காலத்து அர்ஜென்டினாவில் குற்ற விசாரணை என்பது விசாரணை நீதிபதியின் அலுவலகத்துப் பொறுப்பு. போலீஸ் அந்த அலுவலகத்துக்குக் கட்டுப்பட்டுத்தான் வேலை செய்யும். ஆகவே படத்தின் பாதி நேரம் மேஜை, அலமாரி, கேஸ் கட்டு, காபி, வெட்டிப்பேச்சு என்றே போகிறது. நான் எட்டு வருடம் ஒரு கோர்ட் ஆபீஸில் தட்டச்சு வேலை பார்த்தவன். எனக்கு அந்த அறைகளைப் பார்த்ததுமே பழைய காகித வாசனை மூக்கில் ஏறிவிட்டது. எல்லோருக்கும் அப்படி ஏறும் என்று எதிர்பார்க்க முடியாதுதான்.

கதையை எழுதிய எடுவார்டோ சசேரியும் இளவயதில் புவெனஸ் ஐரிஸில் நீதிமன்ற அலுவலக வேலை பார்த்தவர். தன் நாவலைத் திரைக்கதையாக்கும்போது இயக்குநர் ஹுவான் ஹோசே காம்பனெல்லாவோடு சேர்ந்து உட்கார்ந்தார். அது தெரிகிறது. சாண்டோவால் என்ற குமாஸ்தா ஆபீஸ் ஃபோனை எடுத்து “விந்து வங்கி, கடன் பிரிவு” என்று பதில் சொல்வதெல்லாம் அங்கே உட்கார்ந்து பொழுது போக்கிய ஒருவருக்குத்தான் தோன்றும். அந்த வேடத்தில் நடித்த கில்லெர்மோ ஃப்ரான்செல்லா, அர்ஜென்டினா மக்களுக்கு டிவி காமெடியன். குடிகாரக் குமாஸ்தாவாகச் சிரிக்க வைத்துக்கொண்டே வந்து, கடைசியில் நண்பனுக்காகச் செத்துப்போகிறார். எஸ்போசிட்டோவைத் தேடி அவன் வீட்டுக்கு வந்த ஆட்கள் அவன் எங்கே என்று கேட்டதும், அங்கே இருந்த சாண்டோவால், மேஜையில் இருந்த நண்பனின் படங்களைக் குப்புறக் கவிழ்த்துவிட்டு ‘நான்தான்’ என்று அவர் சொல்லியிருக்க வேண்டும். நடந்ததை நாம் பார்ப்பதில்லை. கவிழ்ந்து கிடக்கும் படங்களை வைத்து எஸ்போசிட்டோ கற்பனை செய்துகொள்வதுதான். எனக்கு இந்தப் படத்தில் கண்ணில் நீர் வந்தது அங்கே மட்டும்தான்.

சரி, கதைக்கு வருகிறேன். 1974இல் லிலியானா என்ற இளம்பெண் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்படுகிறாள். கேஸைச் சீக்கிரம் முடிக்க, ரோமானோ என்ற சக அலுவலர் இரண்டு கட்டடத் தொழிலாளிகளை அடித்து ஒப்புக்கொள்ள வைக்கிறான். எஸ்போசிட்டோ அவனோடு அடிதடிக்கே போகிறான். அப்புறம் லிலியானாவின் பழைய ஆல்பத்தைப் புரட்டும்போது, பல படங்களில் ஒரே ஆள் கேமராவைப் பார்க்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருப்பது கண்ணில் படுகிறது. அவள் ஊர்க்காரன், பெயர் இசிடோரோ கோமெஸ். கைரேகை, சாட்சி, தடயம் எதுவும் கிடையாது, அந்தப் பார்வை ஒன்றுதான்.

‘இதெல்லாம் ஒரு துப்பா?’ என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். முதல்முறை பார்த்தபோது நானும் கேட்டேன். இரண்டாம் முறைதான் இன்னொரு படத்தைக் கவனித்தேன். எஸ்போசிட்டோவின் மேலதிகாரி இரேனேயின் நிச்சயதார்த்தப் படம் அது. எல்லோரும் சிரித்துக்கொண்டு நிற்க, ஓரத்தில் எஸ்போசிட்டோ அவளையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். கோமெஸின் அதே பார்வை. கொலைகாரனை அவன் கண்டுபிடித்தது புத்திசாலித்தனத்தால் இல்லை, கண்ணாடியில் தினமும் பார்க்கிற பார்வை என்பதால்தான். சொல்ல முடியாத ஆசையோடு ஒரு பெண்ணைத் தள்ளி நின்று பார்க்கிறவர்கள் இரண்டு பேர். ஒருவன் கொலை செய்கிறான், இன்னொருவன் வாயைத் திறக்காமல் 25 வருடம் வாய்தா வாங்கிக்கொண்டே இருக்கிறான். படம் இதை வசனத்தில் சொல்வதே இல்லை. த்ரில்லருக்கு நடுவில் ஒரு காதல் கதையைத் திணித்துவிட்டார்கள் என்று சொல்பவர்கள் இந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை என்றே நினைக்கிறேன்.

அந்த ரயில் நிலையக் காட்சியையும் பலர் கிண்டல் செய்கிறார்கள். ரயில் கிளம்புகிறது, இரேனே பிளாட்பாரத்தில் ஓடிவருகிறாள், கண்ணாடியில் கையோடு கை. பச்சை மெலோடிராமா, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது ஓய்வுபெற்ற எஸ்போசிட்டோ 1999இல் எழுதுகிற நாவலில் வருகிற காட்சி. அதைப் படித்துவிட்டு இரேனே கேட்கிறாள்: நிஜமாகவே இப்படித்தான் நடந்ததென்றால், என்னை ஏன் நீ கூட்டிக்கொண்டு போகவில்லை? கிண்டல் செய்கிற வேலையை அவளே செய்துவிடுகிறாள்.

இன்னொரு விஷயம் சப்டைட்டிலில் நழுவிவிடும். அந்த ஆபீஸில் ஒரு பழைய தட்டச்சு இயந்திரம், அதில் ‘அ’ விழாது. எஸ்போசிட்டோ ஒரு நாள் தூக்கத்தில் விழித்து ஒரு காகிதத்தில் ‘தெமோ’ என்று கிறுக்குகிறான். ஸ்பானிஷில் ‘பயப்படுகிறேன்’ என்று அர்த்தம். நடுவில் அந்த ஒரு எழுத்தைப் போட்டால் ‘தெ அமோ’, உன்னைக் காதலிக்கிறேன். நான் வேலை பார்த்த இடத்திலும் ‘ழ’ விழாத மிஷின் ஒன்று இருந்தது. ‘வழக்கு’ என்று அடிக்கும்போதெல்லாம் இடம்விட்டு அடித்து, கடைசியில் பேனாவால் போட்டு நிரப்புவோம். நாள் முழுக்க அடித்த தாள்களில் அந்த ஓட்டைகள் மட்டும் தனியாகத் தெரியும். அதனாலோ என்னவோ, பலருக்கும் வெறும் வார்த்தை விளையாட்டாகப் பட்ட அந்த இடம் எனக்கு வலித்தது.

கால்பந்து மைதானக் காட்சியைப் பற்றி யாருக்கும் சண்டையில்லை. கோமெஸ் வீட்டிலிருந்து திருடிவந்த கடிதங்களில் புரியாத பெயர்கள் நிறைய இருக்கின்றன. மதுக்கடையில் சாண்டோவாலின் நண்பர் ஒருவர், அவையெல்லாம் ரேசிங் கிளப்பின் ஆட்டக்காரர்கள் என்று மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறார். ஒன்பது வருடமாகப் பட்டம் ஜெயிக்காத கிளப்புக்கு இத்தனை பித்தா என்று கேட்டால், பித்து என்றால் பித்துதான் என்கிறார். ஒருவன் முகத்தை, வீட்டை, குடும்பத்தை, சாமியைக்கூட மாற்றிக்கொள்ளலாம், பித்தை மாற்ற முடியாது என்று சாண்டோவால் பிடித்துக்கொள்கிறார். உடனே ரேசிங் ஆட்டம் நடக்கிற ஹுராகான் கிளப்பின் மைதானம். கேமரா வானத்திலிருந்து இறங்கி, ஆட்டத்துக்கு மேலே பறந்து, கூட்டத்துக்குள் நுழைந்து, முகம் முகமாகத் தேடி, ஓடி, கழிப்பறைக்குள் போய், சுவர் தாண்டிக் குதித்து, புல்தரையில் கோமெஸ் விழும்வரை ஐந்து நிமிடம் வெட்டே தெரியாது. வெட்டுகள் உண்டு, ஒளித்து வைத்திருக்கிறார்கள். கூட்டத்தில் பெரும்பகுதி கம்ப்யூட்டரில் செய்தது. அத்தனை பெரிய கூட்டத்தில் தேடுகிற ஆள் அகப்படுவானா என்று லாஜிக் கேட்டால் பதில் இல்லை. நாவலில் இந்தக் காட்சியே கிடையாது, படத்துக்காகச் சேர்த்தது. நான் மன்னித்துவிட்டேன். மைத்துனனைக் கூப்பிட்டு இந்த ஐந்து நிமிடத்தை மட்டும் காட்டினேன். இரண்டு தடவை பார்த்துவிட்டுப் போனான்.

அடுத்தது மனைவியின் கோபம். பிடிபட்ட கோமெஸிடம் வாக்குமூலம் வாங்க, அவன் தன் மார்பைப் பார்ப்பதைக் கவனித்த இரேனே, அவன் ஆண்மையை மட்டம்தட்டிப் பேசிச் சீண்டுகிறாள். அவன் வெறிபிடித்து அவள் முகத்தில் அடித்து, குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறான். விமர்சனங்களில் இதைச் சாமர்த்தியம் என்று எழுதுகிறார்கள். “படிச்சு அதிகாரியா வந்தவ, அடி வாங்கித்தான் கேஸை ஜெயிக்கணுமா? அந்தச் செத்த பொண்ணுக்கு ஒரு வசனமாவது உண்டா?” என்று கேட்டாள் மனைவி. பதில் சொல்ல முடியவில்லை. லிலியானா இந்தப் படத்தில் பெரும்பாலும் உடலாகவும் புகைப்படமாகவும்தான் இருக்கிறாள். அவளைப் பார்த்த ஆண்களின் கதை இது. அந்தக் குறையை நான் மறைக்கப் போவதில்லை.

லிஃப்ட் காட்சியை மட்டும் இரண்டு பேரும் ஒரே மனதாக ஒப்புக்கொண்டோம். ஆயுள் தண்டனை பெற வேண்டிய கோமெஸை, பழைய பகையை வைத்து ரோமானோ வெளியே எடுத்து அரசாங்க அடியாளாக்கிவிடுகிறான். ஜனாதிபதி இசபெல் பெரோனுக்குப் பின்னால் பாதுகாவலனாக நிற்பதை, கொல்லப்பட்டவளின் கணவன் மொராலெஸ் டிவியில் பார்க்கிறான். நியாயம் கேட்கப்போன எஸ்போசிட்டோவும் இரேனேயும் ரோமானோவிடம் அவமானப்பட்டு லிஃப்டில் இறங்கும்போது கோமெஸ் உள்ளே வருகிறான். அவர்கள் முன்னால் நின்றபடி துப்பாக்கியை எடுத்து, நிதானமாகத் தயார் செய்கிறான். யாரும் பேசவில்லை. 1976 மார்ச்சில் ராணுவம் ஆட்சியைப் பிடிப்பதற்கு முன்பே அந்த நாடு எப்படி ஆகிவிட்டிருந்தது என்பதை ஒரு லிஃப்டுக்குள் அடக்கிவிட்டார்கள்.

இப்போது எல்லோரும் அடித்துக்கொள்கிற கிளைமாக்ஸ். மொராலெஸ் ஒதுக்குப்புறமான வீட்டில் தனியாக வாழ்கிறான். கோமெஸை எப்போதோ சுட்டுக் கொன்றுவிட்டேன் என்கிறான். கிளம்பிவிட்ட எஸ்போசிட்டோ பாதி வழியில் சந்தேகப்பட்டுத் திரும்பி வந்து, இருட்டில் பார்க்கிறான். வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகையில், கம்பிக்குள் கோமெஸ். ஆயுள் தண்டனை என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்கிறான் மொராலெஸ். இணையத்தில் பலரும் ‘செம பழிவாங்கல்’ என்று கைதட்டுகிற இடம். எனக்குக் கைதட்ட வரவில்லை. கிழவனாகிப்போன கோமெஸ் எஸ்போசிட்டோவிடம் விடுதலை கேட்பதில்லை. என்னோடு பேசவாவது சொல்லுங்கள் என்றுதான் கெஞ்சுகிறான். சாப்பாட்டுத் தட்டோடு நிற்கிற மொராலெஸின் முகத்தில் ஜெயித்தவனின் களை எதுவும் இல்லை. காவல் காப்பவன் ஊரைவிட்டு எங்கே போக முடியும்?

1999 என்ற வருடத்தையும் கவனிக்க வேண்டும். ராணுவ ஆட்சிக் குற்றவாளிகளைக் காப்பாற்றிய 1986, 1987 சட்டங்களும் அப்புறம் வந்த பொதுமன்னிப்புகளும் கொடுத்த பாதுகாப்பு அப்போதும் நீடித்தது. சித்திரவதை செய்தவர்கள் தெருவில் காய்கறி வாங்கிக்கொண்டு நடமாடினார்கள். அந்தச் சட்டங்கள் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2005இல்தான். பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்கள் 1977 முதல் வியாழக்கிழமைதோறும் புவெனஸ் ஐரிஸின் பிளாசா தெ மாயோ சதுக்கத்தில் சுற்றி நடந்து கேட்டது வழக்கும் தண்டனையும், யாரையும் கொட்டகையில் அடைக்கவில்லை. மொராலெஸ் அவர்களுடைய பிரதிநிதி இல்லை. கோர்ட் கதவு சாத்தப்பட்டால் ஒரு தனிமனிதன் என்னவாகிப் போவான் என்பதற்கான ஆள். நாவலின் முடிவு வேறு மாதிரி. எனக்குப் படத்தின் முடிவுதான் உசத்தி.

மிச்சக் கருத்துகளை வேகமாக முடித்துவிடுகிறேன். அந்த வருடப் போட்டியில் மைக்கேல் ஹானெகேயின் ‘வெள்ளை ரிப்பன்’ இருந்தது, அதற்குத்தான் ஆஸ்கர் கொடுத்திருக்க வேண்டும் என்பவர்களோடு நான் சண்டைக்குப் போக மாட்டேன். 2015 ஹாலிவுட் ரீமேக்கை முதலில் பார்த்துவிடாதீர்கள், முடிவும் தெரிந்துபோகும், ருசியும் இருக்காது. வேகமான படம்தான் வேண்டுமென்றால், எஸ்போசிட்டோவாக வரும் ரிக்கார்டோ டாரின் நடித்து 2000இல் வந்த ‘ஒன்பது ராணிகள்’ இருக்கிறது. மைத்துனனுக்கு அதுதான் பிடித்தது.

கடைசியாக ஒன்று. மதுக்கடையில் சொன்ன அந்த ஒன்பது வருடம் 1966இலிருந்து எண்ணியது. ரேசிங் அடுத்த லீக் பட்டம் ஜெயித்தது 2001 டிசம்பரில், 35 வருடம் கழித்து. 2009இல் தியேட்டரில் உட்கார்ந்திருந்த அர்ஜென்டினாக்காரர்களுக்கு அது தெரியும். எஸ்போசிட்டோ அந்தக் கொட்டகையைப் பார்த்து இரண்டு வருடம்போலக் கழித்துத்தான் அந்தப் பட்டம் வந்தது. கோமெஸ் அதுவரை உயிரோடு இருந்திருந்தாலும், அவனிடம் அதைச் சொல்ல ஆள் கிடையாது.