கிச்சன் கப்போர்டுக்கு என்ன கலர்? கேள்வி பதில்

தஞ்சாவூர்: அண்ணா, கருப்பு கிரானைட் மேடை, ஒரே ஜன்னல், அதுவும் கிழக்கே. கீழ் கப்போர்டுக்கு அடர் நீலம் அடிக்கலாமா?

காலையில் அழகாகத்தான் இருக்கும். ராத்திரி மேடையும் கதவும் ஒன்றாகக் கலந்து கீழ்ப்பாதி முழுக்க இருட்டாகிவிடும். கருப்புக் கல்லுக்குக் கீழே நடுத்தர நிறம்தான் எடுபடும்: சாம்பல் கலந்த நீலம், மங்கலான பச்சை. மேல் கதவுகளுக்கு வெளிர் நிறம் போதும்.

விளக்கையும் பாருங்கள். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் எண்ணில் சொல்வார்கள். 6500 கெல்வின் வெள்ளை எல்இடி, நீலத்தை இன்னும் குளிர்ச்சியாகக் காட்டும். 3000 கெல்வின் மஞ்சள் விளக்கு அதே நீலத்தைச் சாம்பலாக்கும். 4000 கெல்வின் பல வீடுகளுக்குப் பொருந்தும். பெயிண்ட் கடையில் நின்று ஷேட் கார்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஏ4 அளவு பிளைவுட் துண்டில் பிரைமரும் இரண்டு கோட்டும் அடித்து, கதவு வரும் இடத்திலேயே செங்குத்தாக நிறுத்தி, காலையிலும் ராத்திரி விளக்கிலும் பாருங்கள். சின்ன சதுரத்தில் மென்மையாகத் தெரியும் நிறம் பெரிய பரப்பில் தூக்கலாகத் தெரியும்.

ஈரோடு: வாஸ்துப்படி சிவப்பு சரியா?

வாஸ்து எனக்குத் தெரியாத துறை. அதைத் தெரிந்தவரிடம் கேளுங்கள். சிவப்புதான் என்று முடிவானால் வாருங்கள், எந்தச் சிவப்பு என்று பார்க்கலாம்.

நாகர்கோவில்: வெள்ளை அடித்தால் மஞ்சளாகிவிடும் என்கிறார்களே?

ஆயில் எனாமல் என்றால் ஆகும். நீரில் கரைக்கும் அக்ரிலிக் எனாமல் அப்படி மஞ்சளாகாது. மஞ்சள்தூள் கறை வேறு விஷயம், உடனே துடைத்துவிடுங்கள். லேசாகத் தங்கினாலும் வெயில் பட்டால் மங்கும்.

மதுரை: அண்ணா, தப்பாக நினைக்காதீர்கள். மஞ்சளாவது தாளிக்கும் புகையால்தான். எங்கள் பெயிண்டரும் அதையே சொல்கிறார்.

புகைப்பிசுக்கு கதவின் வெளிப்பக்கம் படியும், சோப்புத் தண்ணீரில் போகும். உங்கள் கப்போர்டைத் திறந்து உள்பக்கத்தைப் பாருங்கள். புகை அதிகம் போகாத அங்கேதான் மஞ்சள் கூடுதலாக இருக்கும். ஆயில் எனாமலில் உள்ள எண்ணெய், வெளிச்சமில்லாத இடத்தில் மஞ்சளாகும்.

காரைக்குடி: அண்ணன் சொல்வது சரி. எங்கள் வீட்டு வெள்ளைக் கதவில் காலண்டர் தொங்கிய இடம் மட்டும் மஞ்சள்.

மதுரை: அது காலண்டர் அட்டைச் சாயமாக இருக்கலாமே?

சாயமானால் வெயிலில் வைத்தாலும் அப்படியே நிற்கலாம். கதவைக் கழற்றிச் சில நாள் வெளிச்சத்தில் வையுங்கள், மஞ்சள் குறையும். உங்கள் பெயிண்டரையும் கூட வைத்துக்கொண்டு பாருங்கள் தம்பி. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், ஏனென்றால் காரணம் புகை என்று நம்பி, அதே ஆயில் எனாமலையே மறுபடி வாங்கி அடிக்கிறார்கள். பணம்தான் வீண்.

சேலம்: அடர் பச்சை நன்றாக இருக்குமா?

பலகையில் அடித்துப் பாருங்கள்.

திருச்சி: காபி பிரவுன்?

மேலே தஞ்சாவூருக்குச் சொன்னதைப் படியுங்கள். மேடைக் கல் என்ன, விளக்கு என்ன என்று சொல்லாமல் கேட்டால் நான் என்ன சொல்ல முடியும்?

வேலூர்: சன்மைக்கா மேல் பெயிண்ட் நிற்குமா?

நிற்கும். முதலில் எண்ணெய்ப் பிசுக்கு முழுக்கப் போக வேண்டும். அப்புறம் பளபளப்பு போகும்வரை உப்புத்தாள் தேய்த்து, வழுக்கும் பரப்பில் பிடிக்கும் தனி பிரைமர் அடிக்க வேண்டும். அதை விட்டால் நகம் பட்டாலே உரியும்.

புதுச்சேரி: எந்தக் கம்பெனி ஷேட் நல்லது?

கம்பெனியை விட ஷேட் நம்பர் முக்கியம். குறித்து வையுங்கள், தேவையான பெயிண்ட்டை மொத்தமாகக் கலக்கி வாங்குங்கள். பாதியில் தீர்ந்து மறுபடி கலக்கினால் லேசாக மாறலாம்.

கோவை: பளபளப்பே இல்லாத மேட்டா, பளபளப்பா?

தினமும் தாளிக்கிற வீட்டுக்கு இரண்டுக்கும் நடுவில் வரும் சாட்டின். முழு மேட்டைத் தேய்த்துக் கழுவினால் அந்த இடம் மட்டும் மினுங்கும். முழுப் பளபளப்பில் பட்டி போட்ட மேடு பள்ளம் எல்லாம் தெரியும். அடர் நிறமானால் கைரேகையும் சேர்ந்து தெரியும், கைப்பிடியைச் சுற்றி அடிக்கடி துடைக்க வேண்டியிருக்கும்.